பதினாலாம் கட்டத்தில் ஒரு மணி நேரம்

இன்னும் நாப்பத்தெட்டு நிமிஷம். எந்திரிக்கக் கூடாது. ஒரு கட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து, நாலு பக்கமும் பார்த்து, கண்ணுக்குத் தெரியுற நில வடிவம் ஒவ்வொண்ணையும் ஃபாரத்துல எழுதி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு போட்டோ எடுக்கணும், நடுவுல எந்திரிச்சா மறுபடியும் முதல்ல இருந்து. எந்தக் கூறுகெட்டவ எழுதின விதி இதுன்னு கேட்டா, நான்தான், முனைவர் சுயம்புக்கனி, நிலவியல் துறை, இருபத்தொம்பது வயசுல முட்டியும் முதுகும் நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டு இருந்த காலத்துல எழுதினது. ஐம்பத்தொரு வயசுல ஒருத்தி ஆனி மாசத்து மேல்காத்துல தேரி மணல்மேட்டு உச்சியில உக்காந்து ஒண்ணுக்குப் போக மறைவில்லாம தவிப்பாளேன்னு அன்னைக்குத் தோணுச்சா? தோணல. நான் வந்த அஞ்சாவது நிமிஷமே குடை காத்துல மலந்து போச்சு, கம்பி ஒண்ணு முறிஞ்சு, இப்ப அதை மடக்கவும் முடியல விரிக்கவும் முடியல, தொடைக்கு அடியில வெச்சு அமுக்கிட்டு உக்காந்திருக்கேன். பல்லுல மண்ணு நறநறங்குது. காதுல மண்ணு, ஜாக்கெட்டுக்குள்ள மண்ணு, சுகர் இறங்கிருமேன்னு கொண்டுவந்த பிஸ்கட்ல மண்ணு. ஒரு மரம், ஒரே ஒரு உடை மரம் இருந்தா அது பின்னால போய் வந்திரலாம், ஆனா மரம் இருந்தா இந்த மேடு இருக்காது, அதான் சங்கடம். சுத்தி இருக்கிற தேரி பூராவும் முந்திரியும் வேலிக்கருவையும் நட்டு மண்ணைக் கட்டிப் போட்டாச்சு. ஒரு காலத்துல காத்து அடிச்சா இடம் மாறிக்கிட்டு இருந்த செம்மண் மேடுக எல்லாம் இப்ப நட்ட எடத்துல நிக்குது. நகருறது இது ஒண்ணுதான். வருஷத்துக்கு ரெண்டு மீட்டர், காத்து நல்லா அடிச்ச வருஷம் மூணு, கிழக்கே பார்த்துப் போய்க்கிட்டே இருக்கு, நான் இருபத்திரண்டு வருஷமா பின்னாலயே வந்து அளந்துக்கிட்டு இருக்கேன். என் வீட்டுக்காரர் கேட்பாரு, அது எங்கதான் போகுது, போற எடத்துக்குப் போய்ச் சேந்துச்சான்னு. இல்லைங்க, இன்னும் இல்ல. இந்த வருஷம் லாரியில ஏறிப் போகப் போகுது.

அதுக்குத்தான் இந்தப் பட்டியல். நில வடிவப் பாதுகாப்புப் பட்டியல்னு பேரு, பேரைக் கேட்டதும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன், ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன், கோயிலையும் குருவியையும் விட்டா வேற எதையும் காப்பாத்தத் தெரியாதவங்க ஒரு மேட்டையும் பள்ளத்தையும் காப்பாத்த வந்துட்டாங்களேன்னு. மாவட்டத்தைக் கட்டம் கட்டமா பிரிச்சாங்க. அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு கட்டத்துல மார்க்கு கூட உள்ள ஒண்ணுதான் பட்டியலுக்குப் போகும், மத்ததை ரோட்டு வேலைக்கு மண்ணெடுக்க விட்டிருவாங்க. சரி, ஏதோ ஒரு கணக்கு. மார்க்கு போட ஒரு முறை வேணுமேன்னு தேடி, என் ஆராய்ச்சிப் புத்தகத்தை எங்க இருந்தோ தோண்டி எடுத்து, சுயம்புக்கனி முறைன்னு அரசாணையிலேயே என் பேரைப் போட்டுட்டாங்க. பொன்னாடை போட்டாங்க. கேடயம் கொடுத்தாங்க, அது டிவி மேல இருக்கு. சுயம்புக்கனி முறை ரொம்ப சுலபம், கட்டத்துக்குள்ள எத்தனை விதமான நில வடிவம் இருக்கோ அத்தனை மார்க்கு, அதுல மனுஷன் கைவச்ச அளவுக்கு ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் கழிச்சுக்கணும். மூணுக்கு மேல கழிக்கக் கூடாது. இந்தப் பதினாலாம் கட்டத்துல என்ன இருக்கு? மேட்டோட முகடு, காத்து ஏறி வர்ற மேற்குச் சாய்வு, மண்ணு சரிஞ்சு இறங்குற கிழக்குப் பக்கம். மூணு. மனுஷன் கைவைக்கல, கழிக்க ஒண்ணுமில்ல, மூணு மார்க்கு. அந்தா கிழக்கே தெரியுதே பதினஞ்சாம் கட்டம், ரெண்டு வருஷமா பொக்லைன் விட்டுச் சல்லடையாக்கின பள்ளக்காடு, அதுல என்ன இருக்கு? குழி, மண் குவியல், செங்குத்தா வெட்டின சுவர், படிப்படியா வெட்டின தட்டு, லாரி இறங்குற சரிவு, மழைத்தண்ணி தேங்கின குட்டை, அந்தத் தண்ணி அரிச்ச ஓடை, ஓடை கொண்டுவந்து கொட்டின வண்டல், வெட்டாம விட்ட திட்டு. ஒம்பது. மனுஷன் கைவச்சதுக்கு மூணு கழிச்சா ஆறு. ஆறு பெருசா மூணு பெருசா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். ஆக, குண்டும் குழியுமா சீரழிச்ச எடத்தை வேலி போட்டுப் பாதுகாக்கப் போறாங்க, கைபடாத எடத்தை அள்ளிக் கொட்டப் போறாங்க, அதுக்கு என் பேரு. அட கண்றாவியே.

நேத்து சாயங்காலம் பட்டியல் போடுற ஆபீஸருக்கு போன் போட்டேன், சின்ன வயசுப் பொண்ணு, குரல்லாம் மரியாதையாத்தான் இருந்துச்சு. "ஆமா மேடம், எனக்கே பார்த்தா சங்கடமா இருக்கு, ஆனா ஃபார்முலா உங்களுது தானே, நாங்களா போட்டோம்?" வேற வழியே இல்லையான்னு கேட்டேன். "குறிப்பு எழுதுற எடத்துல எழுதுங்க மேடம், கமிட்டி பார்க்கும்" அப்படின்னா. குறிப்பு எழுதுற எடம் ரெண்டு வரி. அதுவும் நான் வெச்ச எடம், மாணவர்கள் கதை அளக்காம இருக்கணுமேன்னு ரெண்டு வரியோட நிறுத்தினேன். ஃபார்முலாவையே வாபஸ் வாங்கிக்கிறேன்னா? "வாங்கிக்கலாம் மேடம், ஆனா போன வருஷம் இதே முறையில பட்டியல்ல ஏத்தின பதினொரு எடமும் செல்லாமப் போயிரும், அதுல எட்டு எடத்தை எதிர்த்து ஏற்கெனவே கோர்ட்டுல நிக்கிறாங்க, உங்க லெட்டர் ஒண்ணு கெடைச்சா அவங்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி." பதினொண்ணும் நல்ல எடம். நானே போய் ஒவ்வொண்ணுலயும் ஒரு மணி நேரம் உக்காந்து பார்த்த எடம். மெஷின் ஏறாத மலையில இந்தக் கணக்கு சரியா வருது, அதான் வயித்தெரிச்சல், மெஷின் வராத எடத்துக்குப் போட்ட கணக்குதானே இது. நான் ஆராய்ச்சி பண்ணினது மலைக்காட்டுல, அங்க மனுஷன் கைவச்சதுன்னா ஒரு ஒத்தையடிப் பாதை, ஒரு ஆட்டுப்பட்டி, ரெண்டு தினைக்கொல்லை, அவ்வளவுதான். கைடு அருள்வளன் சார் என் பேப்பரைப் புரட்டிட்டுச் சொன்னாரு, "என்னம்மா இது, மனுஷத் தாக்கத்துக்குப் பத்து மார்க்கு வரைக்கும் கழிக்கிறே? மனுஷன் என்னத்தைப் பெருசா செஞ்சிரப் போறான், மலையையா தூக்கிட்டுப் போவான்? மூணு போதும்." அப்படின்னு சிவப்பு மையால பத்தை அடிச்சு மூணாக்கினாரு. நான் தலையாட்டினேன். எதுத்து ஒரு வார்த்தை பேசினா கையெழுத்து ஆறு மாசம் தள்ளிப் போகும், எனக்கு அப்ப கல்யாணம் வேற பேசிக்கிட்டு இருந்தாங்க. அப்படித்தான் மூணு வந்துச்சு. அவரைச் சொல்லியும் குத்தமில்ல, அவரு செத்தும் ஒம்பது வருஷமாச்சு, அதுக்கு அப்புறமாவது நான் மாத்தியிருக்கலாம்ல, பொன்னாடை போடும்போதாவது வாயைத் தொறந்து, ஐயா இதுல ஒரு ஓட்டை இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. மேடையில என் பேரைச் சொல்லும்போது நல்லா இருந்துச்சு. வெக்கத்தை விட்டுச் சொன்னா ரொம்பவே நல்லா இருந்துச்சு.

முப்பத்தஞ்சு நிமிஷம். பெவின் போன் அடிக்கிறான், கல்லூரியில கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கான், பன்னெண்டு மணிக்கு இணையதளம் மூடிருமாம், அதுக்குள்ள பதினாலாம் கட்டத்து மார்க்கை ஏத்தணுமாம். தெரியும்டா, நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்லாத. நல்ல பையன், என்கிட்ட ஆராய்ச்சி பண்றவன், என் முறையை மனப்பாடமா ஒப்பிப்பான், அதைக் கேட்டாலே இப்ப எரிச்சல் வருது. யாரோ ஏறி வர்றாங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, காத்துக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டு, மூச்சு வாங்க. லிங்கத்துரை. வேற யாரு வருவா? பதினஞ்சாம் கட்டத்தைத் தோண்டின மகராசன், சொந்தமா பொக்லைன் வெச்சிருக்காரு, தானே ஓட்டுவாரு. பாதுகாப்பு நோட்டீஸ் ஒட்டினதுல இருந்து அவரு வண்டி அந்தப் பள்ளத்துக்குள்ளேயே நிக்குது, பட்டியல் வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு. "டீச்சர், உச்சியில உக்காந்திருக்கீயளே, வெயில் கொல்லலையா?" என்ன சொல்றது, என் விதி அண்ணாச்சி, நான் எழுதின விதின்னா? சும்மா சிரிச்சேன். பக்கத்துல உக்காந்தாரு. இவரு மேல எனக்கு வர வேண்டிய கோபம் ஏன் வரமாட்டேங்குதுன்னு தெரியல, ரெண்டு வருஷமா அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள்ள திட்டித் தீர்த்த ஆளுதான், நேர்ல வந்தா தண்ணி பாட்டிலை நீட்டுறாரு. குடிக்கல. குடிச்சா இன்னும் கஷ்டம். "டீச்சர், ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கிடப்பிடாது. நான் தோண்டுன பள்ளத்தை அரசாங்கம் பாதுகாக்கப் போவுதுன்னு சொல்லுதாவளே, மெய்தானா?" ஆமான்னேன். "என்னத்துக்கு?" வாயில இருந்த மண்ணைத் துப்பினேன். வடிவம் நிறைய இருக்காம் அண்ணாச்சி அங்க, ஒம்பது இருக்காம்னேன். அவரு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாரு. "அப்ப எனக்குல்லா சால்வை போடணும்! ரெண்டு வருசமா திருட்டுப் பயங்குற மாதிரி என்னைய வெரட்டுனாவ, நான் வடிவம்லா செஞ்சிருக்கேன்!" எனக்கும் சிரிப்பு வந்து தொலைச்சுது. சிரிச்சா அடிவயிறு முட்டுது. சிரிச்சு முடிச்சுட்டு அவரு மெதுவா கேட்டாரு, "அப்ப இந்த மேட்டுக்கு எத்தன?" மூணு. "என் பள்ளத்துக்கு?" கழிச்சது போக ஆறு. "இதுக்கு ஏழு வந்தா?" இது பட்டியலுக்குப் போகும், உங்க பள்ளத்தை விட்டிருவாங்க. சொல்லி வாய் மூடல, அந்த ஆளு முகத்துல ஒரு கணக்கு ஓடுறது எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஏன்னா அதே கணக்கு ராத்திரி பூரா எனக்குள்ளயும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. "டீச்சர், ஒரே ஒரு பள்ளம். வண்டி அந்தா நிக்கி. அரை மணி நேரத்துல வெட்டித் தாரேன். குழி ஒண்ணு, குவியல் ஒண்ணு, செவுரு ஒண்ணு, தட்டு ஒண்ணு, வண்டி எறங்குன சரிவு ஒண்ணு. அஞ்சு வந்திருச்சு பாத்தீயளா? மூணும் அஞ்சும் எட்டு." ஒண்ணு கழியும் அண்ணாச்சி, மெஷின் வந்ததுக்கு. "கழியட்டும், ஏழு. உங்க மேடும் தப்பிச்சு, என் வண்டிக்கும் வேலை வந்துச்சு. நான் கீழ வண்டிகிட்ட இருக்கேன், வேணும்னா ஒரு கைய மட்டும் காட்டுங்க." அப்படின்னுட்டு இறங்கிப் போயிட்டாரு.

இருபத்தாறு நிமிஷம். வேண்டாம். என்ன பேச்சு இது, காப்பாத்தறதுக்காக வெட்டுறதா? சின்னதா ஒரு பள்ளம்தானே, கிழக்கு அடிவாரத்துல, காத்துக்கு மறைவா, பாதையில இருந்து பார்த்தாக்கூடத் தெரியாது, ரெண்டு ஆடிக்காத்துல மூடிரும். மூடிருமா? மூடத்தான் செய்யும், இது நகருற மேடு, தன் மேல விழுந்த எதையும் முழுங்கிட்டுப் போயிரும், என் அளவுக்கட்டை எத்தனையை முழுங்கியிருக்கு. போட்டோ எடுக்குற வரைக்கும் நின்னாப் போதும். இது பித்தலாட்டமா? பித்தலாட்டம்தான். ஆனா வடிவம் இல்லாததை இருக்குன்னு எழுதினாத்தான் பொய், இருக்கிறதை எழுதினா பொய்யா? யாரு செஞ்ச வடிவம்னு ஃபாரத்துல ஒரு கேள்வி இல்லையே, நான் வைக்கலையே. பதினஞ்சுல லிங்கத்துரை தோண்டினதுக்கு ஆறு மார்க்கு கொடுக்கலாம், பதினாலுல நான் தோண்டினா தப்பா? தப்பு. தப்புதான், எனக்குத் தெரியுது, தெரிஞ்சும் மனசு சுத்திச் சுத்தி அந்த ஒரு பள்ளத்துக்கிட்டயே போய் நிக்குது. சும்மா விட்டா என்ன ஆகும்? ஐப்பசி மழைக்கு முன்னால நாலு பொக்லைன் வரும், முகட்டுல இருந்து ஆரம்பிப்பாங்க, தை மாசம் நான் அளக்க வரும்போது இந்த உச்சி அளவுக்கு வெறும் காத்து இருக்கும். நான் எதை அளப்பேன்? அப்புறம் ஒரு கூட்டத்துல எவனாவது சுயம்புக்கனி முறைப்படி இந்த எடம் விலக்கப்பட்டதுன்னு படிப்பான், நான் முன்வரிசையில உக்காந்து தண்ணி குடிப்பேன். அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு. மேடு போறது ஒரு பக்கம், என் பேராலே போறது இன்னொரு பக்கம். வாபஸ் வாங்குனா பதினொண்ணு போகும், வாங்காட்டி இது போகும், நேர்மையா உக்காந்திருந்தா என் நேர்மைக்கு மூணு மார்க்கு. பதினொண்ணையும் காப்பாத்தி இதையும் காப்பாத்த ஒரே வழி, அரை மணி நேர பொக்லைன். கடவுளே, என்ன ஒரு அசிங்கமான வழி. முகட்டைப் பார்க்கிறேன், காத்து அதும்மேல மண்ணைப் புகையா இழுத்துக்கிட்டுப் போகுது, கோடு கோடா, வடக்கேயிருந்து தெக்கே வரைக்கும் ஒரு எடத்துலகூட முறியாத கோடு. இந்தக் கோட்டை நான் இருபத்திரண்டு தடவை வரைஞ்சிருக்கேன். இருபத்து மூணாவது தடவையும் வரையணும். பெவின் மறுபடியும் அடிக்கிறான், எடுக்கல. பதினெட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போதே எந்திரிச்சேன். என் விதியை நானே மீறினேன், முதல் தடவையா, முட்டி ரெண்டும் சொடக்கு சொடக்குனு சத்தம் போட, கிழக்கு ஓரத்துக்கு வந்து நின்னு கையைக் காட்டினேன்.

வண்டி ஊர்ந்து வந்துச்சு, செயின் வண்டி, மண்ணுல புதையாம வரும். நான் சரிவுல பாதி நடந்தும் பாதி உக்காந்தும் வழுக்கி இறங்கினேன். எங்கன வெட்டணும்னு அவரு கேக்கல, நான்தான் காட்டினேன், இங்கதான், அடிவாரத்துல, காத்துக்கு மறைவா, ஆழம் ஒரு ஆள் மட்டம் போதும். "இங்கனயா டீச்சர்? கொஞ்சம் தள்ளி..." இங்கதான் அண்ணாச்சி, தள்ளிப் போனா பதினஞ்சாம் கட்டம் வந்திரும், மணி பதினொண்ணே கால் தாண்டிருச்சுன்னு கத்தினேன். அவரு ஒரு மாதிரி என்னைப் பார்த்துட்டு லீவரை இழுத்தாரு. முதல் வாளி நல்லாத்தான் வந்துச்சு. உள்ள மண்ணு கொஞ்சம் ஈரமா, கருஞ்சிவப்பா, ஒரு சாணுக்குச் சுவர் மாதிரி நின்னுச்சு, நான் போட்டோவுக்கு போனைத் தூக்கினேன். ரெண்டாவது வாளி. மூணாவது வாளி எடுக்கும்போது மேல இருந்து மண்ணு வழிய ஆரம்பிச்சுது, முதல்ல ஒரு கை அகலத்துக்கு, அப்புறம் ஒரு பாய் அகலத்துக்கு. நிறுத்துங்கன்னு கத்தினேன். நிறுத்திட்டாரு. அவரு உடனே நிறுத்திட்டாரு, இஞ்சினையே அணைச்சிட்டாரு, மண்ணுதான் நிக்கல. சரிவு முழுக்க மடிப்பு மடிப்பா இறங்கி வந்து குழியை நிரப்புச்சு, குவியலை மூடுச்சு, நின்ன சுவரைத் தள்ளிச் சாய்ச்சுது, அப்பவும் நிக்காம அடியில எடம் கெடைச்சதுன்னு மேல மேல பிடிச்சு இழுத்துக்கிட்டே போச்சு, உம்முன்னு ஒரு சத்தத்தோட, கடைசியா முகட்டுல ஒரு இருபது அடி தூரம் அப்படியே உக்காந்துச்சு. அந்த இடைவெளி வழியா வானம் தெரிஞ்சுது. காத்து அதுக்குள்ள புகுந்து மண்ணைக் கொத்துக் கொத்தா வாரிக்கொண்டு வந்து எங்க ரெண்டு பேரு மூஞ்சியிலும் அடிச்சுது. அந்த வாயில காத்து புகுந்திருச்சுன்னா இனி விடாது, ஆடி முடியுறதுக்குள்ள மேடு ரெண்டாப் பிளந்திரும், இது எனக்குத் தெரியும், வருஷா வருஷம் ரெண்டாம் வருஷப் பிள்ளைகளுக்குத் தட்டுல மண்ணைக் குவிச்சு அடியில விரலை விட்டு நானேதான் காட்டுவேன், பாருங்க பிள்ளைகளா, சரிவோட அடியைத் தொட்டா உச்சி வந்திரும்னு. லிங்கத்துரை வண்டியை விட்டு இறங்கி வந்து தலைத்துண்டை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு நின்னாரு. "டீச்சர், அடியில கைய வச்சா மேல எறங்கும்னு எங்களுக்கே தெரியும். படிச்சவிய, நீங்களே இங்கனதான்னு சொல்லுதீயளேன்னுதான்..." எனக்கு அழுகை வந்துச்சு, எரிச்சல்ல வர்ற அழுகை, மண்ணோட சேர்ந்து கன்னத்துல சேறா இறங்குச்சு. குழி இருந்த எடத்துல லேசா ஒரு தாழ்வுதான் இருக்கு, ஒரு மீட்டர் ஆழம் இல்லாதது வடிவக் கணக்குல சேராது. முகடு முறியாத கோடா இருந்தாத்தான் முகடு. எல்லாம் நான் எழுதினதுதான். மிச்சம் ரெண்டு வடிவம், அதுலயும் மெஷின் ஏறினதுக்கு ஒண்ணு கழிச்சா. போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுத்தேன்.

"மேடம், பன்னெண்டுக்கு ஏழு நிமிஷம்தான் இருக்கு. பதினாலுக்கு எவ்வளவு போடட்டும்?"

"ஒண்ணு."

"ஒண்ணா? போன மாசம் எடுத்த படத்துல மூணு தெளிவாத் தெரியுதே, மேடம்."

"அது நான் வர்றதுக்கு முந்தி எடுத்த படம், பெவின்."